எப்டாயின் லெவல் 8.4: குறைவா, சரியா?

கரூர்_மகள்

எல்லோருக்கும் வணக்கம். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பக்கமும் ஒத்துவராத கணக்கைப் பார்த்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அந்தப் புத்தியில்தான் இதைக் கேட்கிறேன்.

அம்மாவுக்கு 64 வயது, 55 கிலோ. 2019-ல் பக்கவாதம் வந்தது. நாலு மாதம் கழித்து ஃபிட்ஸ் ஆரம்பித்தது. அன்றிலிருந்து எப்டாயின், அதாவது ஃபெனிட்டாயின் என்ற ஃபிட்ஸ் மருந்து, 100 மி.கி. மூன்று மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். பெரிதாகத் தொந்தரவு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இருபது வருடச் சர்க்கரை. போன வருடத்திலிருந்து சிறுநீரில் புரதம் போகிறது. காலில் வீக்கம், பாத்ரூம் போனால் சோப்பு கரைத்தது போல நுரை. கிரியாட்டினின் 1.6.

போன மாதம் வீக்கத்துக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் நாலு நாள் சேர்த்தோம். சேர்ந்த அன்றே எல்லா ரத்த டெஸ்டும் எடுத்துவிட்டார்கள், ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஃபெனிட்டாயின் லெவல் உட்பட. 8.4 என்று வந்தது. பக்கத்தில் 10 முதல் 20 என்று அச்சடித்து, 8.4-க்கு நேராகத் தடிமனாக ஓர் 'எல்', அதாவது லோ, குறைவு. ரவுண்ட்ஸ் வந்த டியூட்டி டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "மருந்து பத்தலைம்மா" என்று மூன்றை நான்காக்கினார். ஒன்றரை வருடமாக ஃபிட்ஸே வரவில்லை என்று சொன்னேன். "வராம இருக்கத்தாம்மா ஏத்துறோம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை ராத்திரி முதல் நாலு மாத்திரை. சனிக்கிழமை காலை அம்மா வழக்கம்போல முல்லை தொடுக்க உட்கார்ந்தார். நார் விரலில் சுற்றுகிறது, முடிச்சு விழவில்லை. இரண்டு மொட்டு வைக்கிறார், இரண்டும் மடியில் விழுகின்றன. "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடி" என்றார். நிமிர்ந்து என்னைப் பார்க்கும்போது கருவிழி ஓரத்துக்குப் போய் வெடுக் வெடுக்கென்று இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பேச்சும் குழறியது. பக்கத்து வீட்டு அத்தை மறுபடியும் பக்கவாதம்தான் என்று முடிவே கட்டிவிட்டார்.

திங்கள் காலை வேறு ஊரில் ஒரு நரம்பு டாக்டரிடம் ஓடினோம். ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. லெவல் திரும்ப எடுத்தார்கள்: 15.1. இந்தத் தடவை 'எல்' இல்லை, 'எச்' இல்லை. ரிப்போர்ட் கொடுத்த பையன், "எல்லாம் நார்மல்தான்க்கா" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். டாக்டர் மட்டும் அல்புமின் எங்கே என்று தேடினார். 2.1. ரிப்போர்ட்டின் பின்பக்கம் ஏதோ வகுத்து, 29 என்று எழுதி வட்டம் போட்டார். "ரெண்டு நாள் மாத்திரை கொடுக்காதீங்க. அப்புறம் பழைய மூணு. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க." வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் கேட்க வாய் வரவில்லை.

அம்மா இப்போது தேறிவிட்டார். ஆனால் எனக்குக் கணக்கு இடிக்கிறது. 8.4 குறைவு என்றால், 15.1-ல் அம்மா நன்றாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? 15.1 எப்படி 29 ஆனது? ஃபோனில் தேடி 8.4-ஐப் போட்டுப் பார்த்தேன். ஒரு கால்குலேட்டர் 16.2 என்றது, இன்னொன்று 13.4. கிட்னி என்று டிக் அடித்ததும் 27! ஒரே ரத்தத்துக்கு நாலு எண். எதை நம்புவது?

திண்டுக்கல்_சேகர்

மருத்துவமனை பெயரைச் சொல்லுங்கள் மேடம், மற்றவர்களாவது தப்பிப்பார்கள்.

கரூர்_மகள்

வேண்டாம் சார். அந்த டாக்டர் நல்ல பையன். ரிப்போர்ட்டில் அச்சடித்திருந்ததைத்தான் படித்தார்.

பழைய_மருந்தாளுநர்

அம்மா, முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்தவன் நான், கடைசிப் பன்னிரண்டு வருடம் வார்டோடு வார்டாக. நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

ரத்தத்துக்குள் போன ஃபெனிட்டாயினில் பத்தில் ஒன்பது பங்கு அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். அது ஃபிக்சட் டெபாசிட் மாதிரி, இருக்கும், ஆனால் செலவுக்கு ஆகாது. மீதி ஒரு பங்குதான் கைரொக்கம். மூளைக்குள் போய் ஃபிட்ஸை அடக்குவதும் அந்த ஒரு பங்குதான், அதிகமானால் கண்ணை ஆட்டுவதும் அதுதான். லேபில் சாதாரணமாக எடுக்கும் லெவல் டெபாசிட்டையும் ரொக்கத்தையும் சேர்த்துக் கூட்டிய மொத்தம். 10 முதல் 20 என்ற அளவு அந்த மொத்தத்துக்கு, அதுவும் அல்புமின் ஒழுங்காக இருப்பவர்களுக்கு. அவர்களிடம் கைரொக்கம் ஒரு மில்லிக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் இருக்கும்.

உங்கள் அம்மாவின் அல்புமின் சிறுநீரில் போய்விட்டது. டெபாசிட் போட வங்கியே பாதிதான் இருக்கிறது. அதனால் மொத்தம் குறையும். ஆனால் கைரொக்கம் குறையாது. ஏன் என்றால், தினமும் எவ்வளவு வருகிறது, அதைக் கல்லீரல் எவ்வளவு செலவழிக்கிறது என்ற இரண்டைப் பொறுத்துத்தான் ரொக்கம் நிற்கும். வங்கி சின்னதா பெரியதா என்று அது பார்க்காது. ஆக 8.4 என்பது மருந்து குறைந்ததைக் காட்டவில்லை. அல்புமின் குறைந்ததைக் காட்டியது.

இப்போது அந்த டாக்டர் பின்பக்கம் போட்ட வகுத்தல். ஷைனர், டோசர் என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த இரண்டு பேர் 1978-ல் கொடுத்த சூத்திரம் இது:

திருத்திய லெவல் = வந்த லெவல் ÷ (0.2 × அல்புமின் + 0.1)

0.1 என்பது கைரொக்கப் பங்கு, பத்தில் ஒன்று. 0.2 எங்கிருந்து வந்தது என்று நாங்கள் படிக்கும்போது யாரும் சொல்லித் தரவில்லை. மனப்பாடம்தான். பல வருடம் கழித்து ஒரு நைட் டியூட்டியில் நானே போட்டுப் பார்த்தேன். ஒட்டியிருக்கும் பங்கு 0.9. சரியான அல்புமின் 4.4 என்று வைத்துக்கொண்டார்கள். 0.9-ஐ 4.4-ஆல் வகுத்தால் 0.2045. அவ்வளவுதான் சங்கதி. ஒரு கிராம் அல்புமினுக்கு இவ்வளவு ஒட்டும் என்ற விலைவாசி அது. அல்புமின் 4.4 இருந்தால் அடைப்புக்குள் ஏறக்குறைய 1 வரும், எதுவும் மாறாது.

உங்கள் அம்மாவுக்கு 0.2 × 2.1 = 0.42, அதோடு 0.1 சேர்த்தால் 0.52. 8.4-ஐ 0.52-ஆல் வகுத்தால் 16.2. அதாவது நாலாவது மாத்திரை சேர்ப்பதற்கு முன்னாலேயே அவர் சரியான அளவுக்குள், கொஞ்சம் மேல்பக்கமாகவே இருந்தார். 15.1 ÷ 0.52 = 29. ரிப்போர்ட் நார்மல், ஆள் நார்மல் இல்லை.

சரி, மூன்று நாலானால் மூன்றில் ஒரு பங்குதானே கூட வேண்டும், 16 ஏன் 29 ஆனது? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான மருந்துகளில் அளவைக் கூட்டினால் லெவலும் அதே விகிதத்தில் கூடும். ஃபெனிட்டாயின் அப்படியில்லை. அதைக் கரைக்கும் கல்லீரல் நொதிகளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு, நாம் வழக்கமாகக் கொடுக்கும் அளவிலேயே அந்த வரம்பை நெருங்கிவிடும். எப்டாயின் 100 மி.கி. மாத்திரை சோடியம் உப்பு, அதில் ஃபெனிட்டாயின் 92 மி.கி. மூன்று மாத்திரைக்கு வரவு 276. புத்தகத்தில் உள்ள சராசரி எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால், உங்கள் அம்மாவின் கல்லீரலுக்கு அதிகபட்சச் செலவுத் திறன் நாளொன்றுக்குச் சுமார் 344. நாலு மாத்திரைக்கு வரவு 368. செலவால் வரவைப் பிடிக்கவே முடியாது. நீங்கள் திங்கட்கிழமை ஓடியபோது 29-ல் நின்றிருக்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தூக்கமும் குழப்பமும் வந்திருக்கும். கண் ஆடுவது முதலில், தள்ளாட்டம் அடுத்து, மயக்கம் அப்புறம். ஏறக்குறைய அந்த வரிசையில்தான் வரும்.

இதனால்தான் இந்த மருந்தை நூறு நூறாக ஏற்றக் கூடாது என்று வார்டில் தலையில் அடித்துக்கொள்வேன். 50 மி.கி. மாத்திரை எதற்கு இருக்கிறது?

கடைசியாக அந்த நாலு எண். 8.4 என்பது லேப் தந்தது. 16.2, 0.2 போட்டது. 13.4 தந்த கால்குலேட்டர் 0.2-க்குப் பதில் 0.25 போட்டிருக்கும். அது தலைக்காயம் பட்டவர்களிடமும் வயதானவர்களிடமும் பார்த்து 1997-ல் வந்த திருத்தம். 27 தந்தது 0.1 போட்டிருக்கும். கிட்னி அடியோடு போனவர்களுக்கு, அதாவது வடிகட்டும் வேகம் பத்துக்குக் கீழே இறங்கியவர்களுக்கு, இருக்கும் அல்புமினிலும் மருந்து சரியாக ஒட்டாது. அவர்களுக்கான எண் அது. உங்கள் அம்மாவுக்கு வயதையும் எடையையும் கிரியாட்டினினையும் வைத்துப் பார்த்தால் வடிகட்டும் வேகம் சுமார் 30. அந்தப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டாம்.

எம்டி_இரண்டாம்_ஆண்டு

ஐயா விளக்கியது அருமை. ஆனால் ஒரு மறுப்பு. சூத்திரத்தை இவ்வளவு நம்பிக்கையோடு பொதுமக்களிடம் கொடுக்கலாமா? ஐசியுவில் இருப்பவர்களிடம் திருத்திய லெவலையும், நேரடியாக அளந்த ஃப்ரீ ஃபெனிட்டாயினையும் (ஐயா சொன்ன கைரொக்கம்) ஒப்பிட்டால் பல நேரம் ஒத்தே வருவதில்லை. சில பேருக்குக் கூட்டிக் காட்டும், சில பேருக்குக் குறைத்துக் காட்டும்.

எங்கள் வார்டில் நடந்தது ஒன்று. கல்லீரல் சுருக்கம், அல்புமின் 1.6, மஞ்சள் காமாலை வேறு. மொத்த லெவல் 6. நான்தான் கால்குலேட்டரில் போட்டேன், 14.3 வந்தது. நிம்மதியாக எழுதி வைத்தேன். எங்கள் பேராசிரியை, "ஆளு ஏன்டா எழுந்திரிக்கல?" என்று கேட்டார். ஃப்ரீ லெவல் வெளியே அனுப்பினோம். 2.4. மொத்தக் கணக்கில் 24-க்குச் சமம். காமாலையில் ஏறும் பிலிருபின் ஏற்கெனவே அல்புமினில் உட்கார்ந்திருந்தது, சூத்திரத்துக்கு அது தெரியாது. அந்தச் சூத்திரம் அன்று எனக்கு 14 என்ற போலி நிம்மதியைத் தந்தது.

எனவே முடிந்தால் ஃப்ரீ லெவல். முடியாவிட்டால் ஆளைப் பாருங்கள். சகோதரியின் அம்மா விஷயத்தில் ஃபிட்ஸும் இல்லை, பக்க விளைவும் இல்லை. அப்போது எந்த எண் வந்திருந்தாலும் மாத்திரையைத் தொட்டிருக்க வேண்டியதில்லை.

பழைய_மருந்தாளுநர்

டாக்டர் தம்பி, கடைசி வரியில் கையெழுத்துப் போடுகிறேன். காமாலை, முற்றிய கிட்னி, ஐசியு, கூடவே வால்ப்ரோயேட் என்ற இன்னொரு ஃபிட்ஸ் மருந்து அல்லது அதிக அளவு ஆஸ்பிரின் என்று இருந்தால் சூத்திரத்தை நான் தொடுவதே இல்லை. எல்லாம் அல்புமினில் இடம் பிடிக்கப் போட்டி போடுபவை. ஃப்ரீ லெவல் எடுக்க முடிந்த இடத்தில் அதை விட்டுவிட்டு வகுத்தல் போடச் சொல்லவும் இல்லை.

ஆனால் நான் வேலை பார்த்த ஊரில் ஃப்ரீ லெவலுக்கு சாம்பிள் பெரிய நகரத்துக்குப் போய் நாலைந்து நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் 'எல்' எழுத்தைப் பார்த்து மாத்திரையை ஏற்றிவிடுவார்கள். அல்புமின் 2 இருப்பவருக்குக் கால்சியம் 7.4 என்று வந்தால் எந்த ஹவுஸ் சர்ஜனும் கால்சியம் ஊசியைத் தூக்குவதில்லை. கை தானாகத் திருத்தக் கணக்குப் போடுகிறது, குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 என்று. ஃபெனிட்டாயினுக்கு மட்டும் அந்தக் கை ஏன் அசைவதில்லை? அதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று விட்டுப்போனது. அம்மா, மாத்திரை கம்பெனி மாறியதா என்று பாருங்கள். 1968 வாக்கில் ஆஸ்திரேலியாவில் ஃபெனிட்டாயின் கேப்சூலுக்குள் நிரப்பும் வெறும் மாவை மாற்றினார்கள். கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதில் லாக்டோஸ், பால் சர்க்கரை. மருந்தின் அளவு அதேதான். ஆனால் உடம்பு கூடுதலாக உறிஞ்சிவிட்டது. பிரிஸ்பேனில் நன்றாக இருந்த நோயாளிகள் வரிசையாகத் தள்ளாட ஆரம்பித்தார்கள். எல்லாம் அந்த உச்சவரம்பு செய்யும் வேலை. உள்ளே போவது கொஞ்சம் கூடினாலும் லெவல் தாவும்.

லேப்_டெக்னீஷியன்_ராணி

லேப் பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். எப்போதும் எங்களைத்தான் திட்டுவார்கள் 😀

அக்கா, அந்த 2.1 அல்புமினே முழு நிஜமாக இருக்காது. பெரும்பாலான லேபில் அல்புமினை பிசிஜி என்ற பச்சைச் சாயம் வைத்துத்தான் அளக்கிறோம். அந்தச் சாயம் அல்புமினோடு நிற்காமல் மற்ற புரதங்களையும் கொஞ்சம் பிடிக்கும். அல்புமின் நிறைய இருக்கும்போது தெரியாது. குறைந்தவர்களுக்கு, முக்கியமாக உங்கள் அம்மா மாதிரி சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு, அரை கிராம் வரை கூட்டிக் காட்டும். பிசிபி என்ற ஊதாச் சாயத்தில் இந்தத் தொல்லை குறைவு. உண்மையில் 1.7 இருந்து எங்கள் மிஷின் 2.1 என்று காட்டியிருந்தால், 8.4 திருத்தினால் 16 இல்லை, 19. நீங்களே வகுத்துப் பாருங்கள். அப்படியானால் அந்த நாலாவது மாத்திரை இன்னும் மோசம்.

லெவலும் அல்புமினும் ஒரே சாம்பிளில் எடுக்கச் சொல்லுங்கள். போன மாச அல்புமினை இந்த மாச லெவலோடு வகுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் அல்புமின் பாட்டில் ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் டியூப். மஞ்சள் மூடி டியூபில் அடியில் ஜெல் இருக்கும். ரத்தம் அதிலேயே நின்றால் ஜெல் ஃபெனிட்டாயினைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், லெவல் குறைந்து வரும். கலெக்‌ஷன் சென்டரில் காலையில் எடுத்து, பைக்கில் சாயங்காலம் மெயின் லேபுக்கு வருவதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. ஜெல் இல்லாத டியூப்தான் சரி.

நேரமும் முக்கியம். அடுத்த டோஸ் போடுவதற்கு முன்னால் எடுப்பதுதான் வழக்கம். ராத்திரி மாத்திரை என்றால் சாயங்காலம் எடுக்க வேண்டும். காலை வெறும் வயிற்றில் சுகர் எடுக்கும்போதே இதையும் எடுத்துவிடுவார்கள், ஒரே குத்தாகப் போய்விடும் என்று. எப்போது எடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

நாமக்கல்_அப்பா

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 17 வயது. வால்ப்ரோயேட் சாப்பிடுகிறான். அவனுக்கும் அல்புமின் குறைவு, 2.8. இதே சூத்திரத்தைப் போடலாமா?

எம்டி_இரண்டாம்_ஆண்டு

வேண்டாம் சார். வால்ப்ரோயேட்டும் அல்புமினில் ஒட்டுவதுதான், ஏறக்குறைய 90 சதவீதம். ஆனால் அளவு கூடக் கூட இடம் நிரம்பிப்போய் ஒட்டாத பங்கு வேகமாக ஏறும். அல்புமின் நன்றாக இருப்பவர்களுக்கே அப்படி. அதனால் ஒரே வகுத்தலில் அடங்காது, நம்பி எழுதும்படியான சூத்திரம் கிடையாது. மொத்த லெவல் 50 முதல் 100-க்குள் அழகாக இருக்கும், பையன் தூங்கி வழிவான். தூக்கம், வாந்தி, குழப்பம் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், அம்மோனியா பார்ப்பார்கள். அல்புமின் ஏன் குறைந்தது என்று கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம், ஃபிட்ஸ் அடுக்கடுக்காக வந்துவிடும்.

மற்ற ஃபிட்ஸ் மருந்துகளில் கார்பமசெபைன் 75 சதவீதம் போலத்தான் ஒட்டும், இந்தத் தலைவலி குறைவு. லெவெடிராசெட்டாம் பத்து சதவீதம்கூட ஒட்டாது. அதற்கு அல்புமினைப் பற்றிக் கவலையே இல்லை, ஆனால் கிட்னி வழியாகப் போவதால் கிரியாட்டினின் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். ஒன்றிலிருந்து தப்பித்தால் இன்னொன்று.

இரவுப்பணி_நர்ஸ்

லெவல் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய ஒன்று: விரலை முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வைத்து, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லி, மெதுவாக இரண்டு பக்கமும் நகர்த்துங்கள். ஓரத்தில் கண் துடித்தால் டாக்டருக்கு ஃபோன் போடுங்கள். கரூர் அக்கா பூ தொடுக்கும்போதே அதைப் பார்த்துவிட்டார். மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றுபவர்களுக்கு விஷயம் தலைகீழ். ஃபீடிங்கோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உள்ளே சேராது. முன்னேயும் பின்னேயும் இடைவெளி விட வேண்டும், எவ்வளவு என்று வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் பாட்டில் என்றால் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். அடியில் படிந்துவிடும். முதல் வாரம் தண்ணியும் கடைசி வாரம் விஷமுமாகப் போகும்.

திண்டுக்கல்_சேகர்

நான் மருத்துவமனை பெயர் கேட்டது தப்புதான். லேபில் அந்த 'எல்' போடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரே அல்புமினையும் பார்த்துக்கொள்ளாதா?

லேப்_டெக்னீஷியன்_ராணி

அல்புமின் கேட்டு எழுதியிருந்தால்தானே சார் மிஷினில் இருக்கும்? லெவல் மட்டும் எழுதி அனுப்புவார்கள். எங்கள் லேபில் ரிப்போர்ட்டுக்குக் கீழே ஒரு வரி அச்சடிக்க வைத்தோம், அல்புமின் குறைந்தவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது என்று. எட்டாம் சைஸ் எழுத்து. யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

கரூர்_மகள்

எல்லோருக்கும் நன்றி. பதில் போடத் தாமதம், மாதக் கடைசி.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். மூன்று மாத்திரையில் லெவல் 8.8, அல்புமின் 2.2. மறுபடியும் தடிமனாக அதே 'எல்'. இந்தத் தடவை டாக்டர் வகுப்பதற்கு முன்னால் நானே மனதுக்குள் போட்டுவிட்டேன். 0.44 கூட்டல் 0.1, 0.54. அவர் 16.3 என்று எழுதினார், எனக்கும் 16.3. கணக்கு ஒத்துவந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஏன் என்று கேட்டார், ஒன்றுமில்லை சார் என்றேன். மாத்திரை மாற்றம் இல்லை. கம்பெனியும் மாறவில்லை ஐயா, பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தேன்.

ராணி சொன்ன பச்சைச் சாயக் கதையையும் கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, "இருக்கலாம், அதனாலதான் நான் 16-ஐ 16-ன்னு நம்புறதில்ல, இருபதுக்குக் கீழேன்னு மட்டும் எடுத்துக்கறேன்" என்றார். கிட்னி டாக்டரிடம் பேசி, மெதுவாக லெவெடிராசெட்டாமுக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறாராம். அவசரம் இல்லை என்றார்.

அம்மாவின் ஃபைல் அட்டையில் சிவப்புப் பேனாவில் எழுதி ஒட்டிவிட்டேன்: 'அல்புமின் குறைவு. ஃபெனிட்டாயின் லெவலைத் திருத்திப் பார்க்கவும்.' அடுத்து யார் டியூட்டியில் இருந்தாலும் கண்ணில் படட்டும். அம்மா அதைப் பார்த்து, "என்னடி ரேஷன் கார்டு மாதிரி ஒட்டி வெச்சிருக்க?" என்றார். முல்லை நாலு முழம் தொடுத்தாயிற்று, இரண்டு இரண்டாகத் தெரியவில்லையாம்.

ராணி, ஒரு சந்தேகம். அடுத்த சாம்பிள் பதினாலாம் தேதி சாயங்காலம். ஜெல் இல்லாத டியூப் என்று கேட்டால் கலெக்‌ஷன் சென்டரில் திட்டுவார்களா?

லேப்_டெக்னீஷியன்_ராணி

ஜெல் அது இது என்று சொல்லாதீங்க அக்கா, மேலேயும் கீழேயும் பார்ப்பார்கள். சிவப்பு மூடி டியூபில் எடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அல்புமினும் அதே சாம்பிளில் போட மறக்காதீங்க.